ரொறன்ரோவில் கோடைக்காலப் பிள்ளை பராமரிப்பு வேலை: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதக் கடைசியில் ரொறன்ரோப் பள்ளிகள் மூடினால், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் கழிந்துதான் திறக்கும். ஏறத்தாழப் பத்து வாரங்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீடுகளில் அந்தப் பத்து வாரமும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி பனிக்காலத்திலேயே எழுந்துவிடுகிறது. பகல்நேர முகாம்களுக்கான இடங்கள் வெயில் வருவதற்கு வெகு முன்பே பதிவாகி முடிவதும், அந்த முகாம்களுக்கு ஆள் எடுப்பது ஜனவரி, பெப்ரவரியிலேயே தொடங்குவதும் இதனால்தான்.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ முதல் கோடையில் என்ன வேலை தேடலாம் என்று என்னிடம் கேட்டால், பண்டகசாலைக்கும் கோப்பிக் கடைக்கும் முன்னால் இந்தப் பிள்ளை பராமரிப்பு வேலையைத்தான் சொல்வேன். முகாம்களில் பிள்ளைகளோடு வேலை செய்தும், பின்னர் அதே வேலைக்கு ஆட்களைத் தெரிவு செய்தும் பழகியவள் நான். பிள்ளைகளோடு நடந்தால் நகரம் வேறு மாதிரித் தெரியும். எந்தப் பூங்காவில் நிழல் உண்டு, எந்த நூலகத்தில் மழை நேரத்தில் ஒதுங்கலாம், எந்த ரயில் நிலையத்தில் மின்தூக்கி இல்லை என்பதெல்லாம் ஒரே மாதத்தில் அத்துப்படியாகிவிடும். ஆனால் ஜூன் மாதம் வந்த பிறகு தேடத் தொடங்கினால் மிஞ்சியதுதான் கிடைக்கும். இதற்குத் தேவையான காகிதங்கள் ஒரே வாரத்தில் கைக்கு வருவதில்லை.

முதலில் உங்கள் அனுமதிப் பத்திரத்தை வாசியுங்கள்

நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மாணவராகவோ, துணைவர் என்ற முறையில் கிடைத்த திறந்த வேலை அனுமதியிலோ (எவரிடமும் வேலை செய்ய விடும் அனுமதி) வந்தவர்கள் நின்று வாசிக்க வேண்டும்.

பத்திரத்தின் கீழ்ப்பகுதியில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளை பராமரிப்பு, பாடசாலைக் கற்பித்தல், சுகாதார சேவை ஆகிய துறைகளில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று ஒரு வரி சிலருடைய பத்திரத்தில் இருக்கும். குடிவரவு மருத்துவப் பரிசோதனை செய்யாமல் வந்தவர்களுக்கே பெரும்பாலும் இது போடப்படுகிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து நீண்டகால அனுமதியோடு வந்தவர்களில் பலர் ஏற்கெனவே பரிசோதனை முடித்திருப்பார்கள். இருந்தாலும் ஊகிக்க வேண்டாம், வரியைத் தேடிப் பாருங்கள். அது இருந்தால், அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்து, நிபந்தனையை மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். பதில் வர மாதங்கள் ஆகலாம். இதைக் கவனிக்காமல் முகாமில் சேர்ந்துவிட்டால் வேலையோடு உங்கள் குடிவரவு நிலையும் சிக்கலுக்குள்ளாகும்.

மாணவர்களுக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கல்லூரி தானே அறிவித்த விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். விடுமுறைக்கு முன்னும் பின்னும் முழுநேர மாணவராகப் பதிவு இருக்க வேண்டும். சில கல்லூரிகளில் மே முதல் ஓகஸ்ட் வரை வழக்கமான பருவமாகவே வகுப்புகள் நடக்கும். உங்கள் பாடத்திட்டத்தில் அது விடுமுறையா, பருவமா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிப்பே இன்னும் தொடங்காதவர்கள் வேலை செய்ய முடியாது. பார்வையாளர் விசாவில் வந்திருப்பவர்களும் அப்படித்தான். தெரிந்த வீடு, கைக்காசு என்று யார் அழைத்தாலும் சட்டம் மாறாது.

சமூகக் காப்புறுதி எண் இல்லாமல் யாரும் உங்களுக்கு முறையாகச் சம்பளம் போட முடியாது. சேர்விஸ் கனடா அலுவலகத்தில் இதை இலவசமாகத் தருகிறார்கள். தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் எண் 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். அனுமதி முடிகிற நாளில் அதுவும் காலாவதியாகும்.

எந்த வகை வேலை?

நகரசபை நடத்தும் பகல்நேர முகாம்கள், வைஎம்சிஏ போன்ற தொண்டு நிறுவனங்களின் முகாம்கள், கலை, விளையாட்டு, கணினி என்று தனியார் நடத்தும் முகாம்கள் ஆகியவை ஒரு பக்கம். பெரும்பாலும் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நடக்கும். அதற்கு முன்னும் பின்னும் பெற்றோரின் வேலை நேரத்துக்காக ஒரு மணி நேரப் பராமரிப்பு தனியே இருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பயிற்சி தருகிறார்கள். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருப்பார். பிழை நேர்ந்தால் தனியே நிற்க வேண்டியதில்லை.

வடக்கே மஸ்கோக்கா, ஹாலிபேர்ட்டன் ஏரிப் பகுதிகளில் தங்கியிருந்து வேலை செய்யும் முகாம்கள் உண்டு. சாப்பாடும் படுக்கையும் தருவார்கள், வாடகைச் செலவு மிச்சம். ஆனால் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தாது. நீச்சலும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போய் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்ப்பது. நேரமும் சம்பளமும் பேசித் தீர்மானிக்கலாம். பகல் முழுதும் பிள்ளைகளோடு வெளியே சுற்றவும் முடியும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கே வரவழைத்துப் பார்ப்பது வேறு விடயம். ஒன்ராறியோவில் உரிமம் இல்லாத ஒருவர் தன் வீட்டில் பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்து பேருக்கு மேல் பார்க்கக் கூடாது. அந்த ஐவரில் இரண்டு வயது நிறையாதவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தப் பிள்ளை நான்கு வயதுக்குக் குறைந்தவரானால் அவரும் கணக்கில் சேர்வார். உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். 'இன்னும் ஒரு பிள்ளைதானே' என்று சேர்த்துக்கொண்டே போகும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி எல்லோரும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர். ஆனால் பிள்ளைகள் முகாமில் வேலை செய்யும் மாணவர்களுக்கும், பிள்ளைகளை மேற்பார்வையிடவோ அவர்களுக்குக் கற்பிக்கவோ அமர்த்தப்படும் மாணவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதிய விதி பொருந்தாது என்று மாகாண வேலைச் சட்டமே விலக்குத் தருகிறது. மேலதிக நேரச் சம்பள விதியிலும் அவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே 'வாரத்துக்கு இவ்வளவு' என்று மொத்தத் தொகை சொன்னால், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். பெரிய அமைப்புகள் பல குறைந்தபட்ச ஊதியமோ அதற்கு மேலோ தருகின்றன. தராதவர்களிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மூன்று சான்றுகள்

முதலாவது, முதலுதவிச் சான்றிதழ். 'ஸ்டாண்டர்ட் ஃபர்ஸ்ட் எய்ட்' என்ற வகுப்பும் அதனோடு சேர்ந்த 'சி' நிலை சிபிஆர் (மார்பை அழுத்தி உயிர்காக்கும்) பயிற்சியும்தான் பெரும்பாலான முகாம்கள் கேட்பவை. 'சி' நிலையில்தான் கைக்குழந்தைக்கும் சிறுபிள்ளைக்கும் மூச்சு அடைத்தால் செய்வது அடங்கும். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவை நடத்துகின்றன. இரண்டு நாள் வகுப்பு, மூன்று ஆண்டு செல்லும். கணினியில் மட்டும் முடிக்கும் மலிவான வகுப்புகளுக்கு ஏமாறாதீர்கள். பொம்மையின் மார்பைக் கையால் அழுத்திப் பழகாத பயிற்சியை முகாம்கள் ஏற்பதில்லை. இதற்கு வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழ் கையில் உள்ள விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

இரண்டாவது, பொலிஸ் சரிபார்ப்பு. பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு வழக்கமான குற்றப் பதிவுச் சோதனை போதாது. 'வல்னரபிள் செக்டர்' சரிபார்ப்பு என்ற விரிவான சோதனை வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரின் பொலிஸ் சேவையே அதைச் செய்யும். ரொறன்ரோவில் இருப்பவர் ரொறன்ரோ பொலிஸிடம், பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருப்பவர் யோர்க் பிராந்தியப் பொலிஸிடம். வேலை தருகிறவர் எந்த முறையில் விண்ணப்பிக்கச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில சமயம் கைரேகை கேட்டுக் கடிதம் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்கள் பாலினமும் பிறந்த தேதியும் பழைய பதிவு ஒன்றோடு பொருந்தினாலே கேட்பார்கள். உங்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அந்த ஒரு படி பல வாரங்களை விழுங்கும். அண்மையில்தான் கனடா வந்தவர்களிடம் சொந்த நாட்டுப் பொலிஸ் சான்றையும் சிலர் கேட்பார்கள். குடிவரவுக்காக எடுத்த பிரதியை எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, 'ஹை ஃபைவ்' பயிற்சி. ஒன்ராறியோப் பூங்கா, பொழுதுபோக்குச் சங்கத்தின் திட்டம் இது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிய ஒரு நாள் வகுப்பு. நகரசபை வேலைகளில் இதற்கு நல்ல மதிப்பு. கட்டாயம் இல்லாத இடங்களிலும் இது உங்களுக்கு உதவும், ஏனென்றால் நேர்முகத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்தச் சிந்தனையிலிருந்தே வருகின்றன.

எங்கே தேடுவது

நகரசபையின் வேலைவாய்ப்புப் பக்கத்தை டிசம்பரிலிருந்தே பார்த்து வாருங்கள். பொழுதுபோக்குத் துறையின் கோடைகால விண்ணப்பங்கள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் திறந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு அருகே உள்ள சமூக நிலையத்துக்கு நேரிலும் போய்ப் பேசுங்கள். ஸ்காபரோவில் மல்வேர்ன், அஜின்கோர்ட் போன்ற பகுதிகளில் பிள்ளைகள் அதிகம், நிலையங்களும் அதிகம். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முகாம் காலை எட்டு மணிக்குத் திறக்கும்போது இரண்டு பஸ் மாறிப் போவது ஜூலையில் இலகுவாகத் தோன்றும், ஓகஸ்டில் அலுத்துவிடும்.

மத்திய அரசின் 'கனடா கோடைகால வேலைகள்' திட்டத்தில் நிதி பெற்ற பணிகள் 'ஜொப் பாங்க்' தளத்தில் வசந்தத்தில் வெளிவரும். வயது 15 முதல் 30 வரை. குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அகதி அந்தஸ்து இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். சர்வதேச மாணவர்களுக்கு இதில் இடமில்லை. அந்த விண்ணப்பங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மே மாதம் ஆகிவிட்டதென்றால்? அப்போதும் வழி இருக்கிறது. சேர்ந்தவர்களில் சிலர் ஜூன் கடைசியில் விலகுவார்கள். முகாம் நடத்துபவர்களை நேரில் கண்டு, 'என்னிடம் முதலுதவிச் சான்றும் பொலிஸ் சரிபார்ப்பும் தயாராக உள்ளன, பதில் ஆளாக எந்த நாளிலும் வர முடியும்' என்று சொல்லி வையுங்கள். பயிற்சி வாரத்தில் ஒருவர் வராவிட்டால் உங்களைத்தான் அழைப்பார்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குத் துணையாக ஒருவருக்கு ஒருவர் என்று அமர்த்தும் வேலைக்கும் கடைசிவரை ஆள் தேவைப்படும். பொறுமை உள்ளவர்களுக்கு அதுபோல் மனநிறைவு தரும் வேலை வேறில்லை.

இணைய விளம்பரங்களில் ஒரு மோசடி ஆண்டாண்டாக நடக்கிறது. 'நாங்கள் அடுத்த மாதம் ரொறன்ரோவுக்குக் குடிவருகிறோம், எங்கள் மகளைப் பார்க்க ஆள் தேவை' என்று அன்பாக ஒரு மின்னஞ்சல் வரும். நேரில் காணாமலே வேலை தருவார்கள். முன்பணமாக ஒரு காசோலையும் வரும், பேசிய தொகையைவிடக் கூடுதலாக. மீதியை விளையாட்டுப் பொருள் விற்பவருக்கோ, தளபாடம் ஏற்றுபவருக்கோ உடனே அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்துவிடும். சில நாள் கழித்து அந்தக் காசோலை போலியென்று வங்கி திருப்பும்; இழப்பு முழுவதும் உங்கள் தலையில். பிள்ளையை நேரில் காட்டாத குடும்பத்திடம் வேலைக்குப் போகாதீர்கள். சேரும் முன் சமூகக் காப்புறுதி எண்ணையோ கடவுச்சீட்டுப் படத்தையோ யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சுயவிவரமும் நேர்முகமும்

'எனக்குக் கனேடிய அனுபவம் இல்லையே' என்று வருந்துகிறவர்களிடம் ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். அப்போதுதான் வெளிவரும்: ஞாயிறு அறநெறிப் பள்ளியில் சின்னவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது, மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூஷன் நடத்தியது, பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இல்லத் தலைவியாக இருந்தது. எல்லாம் அனுபவம்தான். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எவ்வளவு காலம் என்று எண்ணோடு எழுதுங்கள். படமும் வயதும் மதமும் திருமண நிலையும் இங்கே சுயவிவரத்தில் எழுதுவதில்லை. பரிந்துரைப்பவர்களாக உறவினர் பெயரைக் கொடுக்கக் கூடாது. இங்கே யாரையும் தெரியாதென்றால், பனிக்காலத்திலேயே ஒரு நூலகத்திலோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலோ தொண்டராகச் சேருங்கள். கோடைக்குள் உங்களுக்காகப் பேச ஒருவர் கிடைப்பார்.

நேர்முகத்தில் 'உங்களுக்குப் பிள்ளைகள் பிடிக்குமா' என்று யாரும் கேட்பதில்லை. நிலைமையைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள். பூங்காவில் தலை எண்ணும்போது ஒரு பிள்ளை குறைகிறது. இரண்டு பிள்ளைகள் பந்துக்காகச் சண்டை, ஒருவர் கடித்துவிட்டார். ஒரு சிறுமி நாள் முழுதும் எதிலும் சேராமல் அழுகிறாள். பட்டியலில் பெயரில்லாத ஒருவர் 'நான் மாமா' என்று பிள்ளையை அழைத்துப் போக வந்திருக்கிறார்.

நான் ஆள் எடுத்தபோது எதிர்பார்த்தது கெட்டிக்காரப் பதிலை அல்ல. மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பை முதலில் சொல்கிறாரா, மேற்பார்வையாளரை எப்போது அழைக்க வேண்டும் என்று தெரிகிறதா, அழுகிற பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேசுவேன் என்கிறாரா என்றுதான் பார்த்தேன். 'கண்டிப்பேன், மூலையில் நிறுத்துவேன்' என்று சொன்னவர்களை எடுக்கவில்லை. நம் ஊரில் கேட்டு வளர்ந்த சில வார்த்தைகளை இந்த வேலைக்கு வருமுன்பே விட்டுவிட வேண்டும். அடிப்பதும், அடிப்பேன் என்று மிரட்டுவதும், 'உன் தங்கை எவ்வளவு கெட்டிக்காரி பார்' என்று ஒப்பிடுவதும் அதில் சேரும். உங்கள் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள். அவர்கள் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வீட்டில் வேலையென்றால்

தமிழ்க் குடும்பங்கள் பல, தமிழ் பேசும் ஒருவரைத் தேடுகின்றன. அம்மம்மாவோடு பிள்ளை தமிழில் பேச வேண்டும் என்ற ஆசை அதற்குக் காரணம். நல்ல வாய்ப்பு இது. ஆனால் 'தங்கச்சி' என்று அழைக்கத் தொடங்கியதும் சம்பளத்தைப் பற்றிப் பேச இரு பக்கமும் கூச்சப்படுவதைக் கண்டிருக்கிறேன். முதல் வாரம் பிள்ளை மட்டும். இரண்டாம் வாரம் 'சோறும் ஒருக்கா வைத்துவிடுங்கோ'. நான்காம் வாரம் வீடு கூட்டுவது, துணி மடிப்பது, ஏழு மணிவரை இருப்பது. கேட்பவருக்கு அது வேலை வாங்குவதாகத் தோன்றாது, சொந்தம் என்று நினைக்கிறார். நீங்களோ மனதுக்குள் குமைவீர்கள்.

ஆகவே முதல் நாளுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்கள், எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை, மணிக்கு எவ்வளவு, எந்த நாளில் சம்பளம், பிள்ளையோடு தொடர்பான சமையல் எது, அதற்கு வெளியே எது, பஸ் செலவும் நுழைவுக் கட்டணமும் யாருடையது, பெற்றோர் பிந்தினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இதைக் கேட்பது அவமரியாதை இல்லை. வீட்டுப் பணியாளரை அமர்த்தும் குடும்பம், வழக்கமான வேலை நேரத்தையும் மணிக் கூலியையும் எழுத்தில் தர வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டமே சொல்கிறது. 'அக்கா, எனக்கு மறதி, எழுதி வைத்தால் நல்லது' என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

பெற்றோரிடமும் கேளுங்கள்: ஒவ்வாமை உண்டா, மருந்து எங்கே, குடும்ப மருத்துவர் யார், பிள்ளையைக் கூட்டிப் போக யாருக்கெல்லாம் அனுமதி, வீட்டில் கமரா இருக்கிறதா. காரில் ஏற்றச் சொன்னால் ஆசனத்தைக் கவனியுங்கள். எட்டு வயது ஆகாத, 36 கிலோ எடையையும் 145 சென்ரிமீற்றர் உயரத்தையும் எட்டாத பிள்ளைக்கு அதன் எடைக்குரிய பிள்ளை ஆசனமோ உயர்த்தி ஆசனமோ (பூஸ்டர்) கட்டாயம். முதலில் ஒரு நாள் தாயோ தகப்பனோ வீட்டில் இருக்கும்போது பழகிப் பாருங்கள். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு.

முதல் வாரத்தில் பழக வேண்டியவை

தலை எண்ணுங்கள். வாசலில், பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறைக்குப் போகும்முன், வந்தபின். சத்தமாக எண்ணினால் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணுவார்கள்.

உணவில் நம்மவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டியது வேர்க்கடலை. முகாம்களிலும் பாடசாலைகளிலும் கடலைக்கு இடமில்லை. உங்கள் மதியச் சாப்பாட்டில் கடலைச் சட்னியோ, பையில் ஒரு கச்சான் அல்வாத் துண்டோ இருந்தால்கூட ஒவ்வாமையுள்ள பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். கடும் ஒவ்வாமையுள்ள மாணவர்களைப் பாதுகாக்க ஒன்ராறியோவில் 'சப்ரினா சட்டம்' 2006 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பாடசாலை உணவால் ஏற்பட்ட ஒவ்வாமையில் இறந்த சிறுமியின் பெயர் அது. கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எப்பிபென் ஊசி எந்தப் பையில், யாரிடம் என்பதை முதல் மணி நேரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். திராட்சையைச் சிறு பிள்ளைகளுக்கு நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவர்களுக்கு இதெல்லாம் என்ன என்று தோன்றும். பனியில் வளர்ந்த பிள்ளைகளின் தோல் வேறு. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பெற்றோர் கொடுத்தனுப்பிய சன்ஸ்கிறீன் மூன்றும் இல்லாமல் வெளியே கிளம்ப வேண்டாம். தண்ணீர் அருகே கைத்தொலைபேசி பையிலேயே இருக்கட்டும். பிள்ளைகளைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது அறவே கூடாது.

ஒரு பிள்ளை அடிபடுகிறது, புறக்கணிக்கப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால், அதைப் பிள்ளைகள் நலச் சங்கத்துக்கு நேரடியாக அறிவிப்பது ஒன்ராறியோவில் ஒவ்வொருவரின் சட்டக் கடமை. மேலாளரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீர்வதில்லை. குடும்பமானம், தெரிந்தவர் என்று தயங்க வேண்டாம். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, சொல்வதுதான்.

நகரத்தைப் பார்க்க

நகரின் பஸ், ரயில் சேவையான ரிரிசியில் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் ஒரு கட்டணத்துக்கு இரண்டு மணி நேரம், எந்தத் திசையிலும் ஏறி இறங்கலாம். ஆகவே வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் செலவின்றி நிறையப் பார்க்க முடியும். பெற்றோரின் அனுமதியை மட்டும் முன்கூட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சொல்வது நூலகம். ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். குளிரூட்டிய அறை, சுத்தமான கழிப்பறை, இலவசக் கதைநேரம். ஸ்காபரோக் கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. அட்டையை வைத்து அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு இலவச நுழைவுச் சீட்டும் பெறலாம், விரைந்து முடிந்துவிடும்.

கபேஜ்ரவுணில் உள்ள ரிவர்டேல் பண்ணையில் பசுவும் பன்றியும் ஆடும் நகரத்தின் நடுவே நிற்கின்றன. நுழைவு இலவசம். ஊரில் மாட்டுப் பட்டி கண்டவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்கள். ஹை பார்க்கில் சிறிய விலங்குச் சாலையும் பெரிய விளையாட்டிடமும் உள்ளன. இரண்டாம் ரயில் பாதையில் அதே பெயரில் நிலையம். மழை நாளில் ஆலன் கார்டன்ஸின் கண்ணாடி வீட்டுக்குள் போகலாம். வாழையும் பனை இனங்களும் இருக்கும், அதுவும் இலவசம். ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட் வீதியில் 'கிட்ஸ்ரவுண்' நீர் விளையாட்டிடம் வெயில் நாளுக்கு ஏற்றது. பூங்காக்களில் உள்ள நீர்த்தெளிப்பிடங்களுக்குக் காசு வேண்டாம், மாற்றுடுப்பு வேண்டும்.

ரொறன்ரோத் தீவுகளுக்கு ஜாக் லேட்டன் படகுத்துறையிலிருந்து போகிறார்கள். மூன்று இறங்குதுறைகள் உண்டு. பிள்ளைகளோடு போனால் சென்ரர் ஐலண்ட் படகில் ஏறுங்கள். ஹான்லன்ஸ் பொயின்ட் ஏரிக்கரையின் ஒரு பகுதி ஆடை கட்டாயமில்லாத இடம். சனி, ஞாயிறில் படகு வரிசை நீளும், வார நாள் காலையே நல்லது.

ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே புல்லில் நடந்து வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஸ்காபரோ மண்மேடுகளில் மேல் விளிம்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது, மண் திடீரெனச் சரியும். கீழே ப்ளஃபர்ஸ் பார்க் ஏரிக்கரையிலிருந்து பார்ப்பதே அழகு. டொன் மில்ஸில் இருந்த அறிவியல் மையம் 2024 ஜூனில் மூடப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள்.

மாலையும் வார இறுதியும் உங்களுக்கே உரியவை. ஜூலை 1 கனடா தினம் விடுமுறை. ஓகஸ்ட் முதல் திங்கள் நகர விடுமுறை, ஆனால் சட்டப்படியான சம்பள விடுமுறை அல்ல. முகாம் மூடியிருந்தால் அன்றைய கூலி உண்டா என்று முன்பே கேளுங்கள். ஓகஸ்ட் நடுவிலிருந்து தொழிலாளர் தினம் வரை கண்காட்சித் திடலில் கனடிய தேசியக் கண்காட்சியான சிஎன்இ விழா நடக்கும். முகாமில் பழகிய நண்பர்களோடு ஓர் இரவு போய் வாருங்கள்.

கடைசி வாரத்தில்

முகாம் முடியும் முன்பே மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். செப்டம்பரில் அவரும் வேறு வேலைக்குப் போய்விடுவார். வேலை முடிவுப் பதிவு தரப்படும். அடுத்த பெப்ரவரிக்குள் வரிக்கான டி4 படிவமும் வரும். முகவரி மாறினால் அறிவியுங்கள். வேலை பிடித்துவிட்டது, இதிலேயே நிலைக்கலாம் என்று தோன்றினால் பாலர் கல்வி டிப்ளோமாவைப் பற்றிக் கல்லூரிகளில் விசாரியுங்கள். அதை முடித்து மாகாணப் பாலர் கல்வியாளர் கல்லூரி என்ற தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர்களுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கிறது. பாடசாலைக்கு முன், பின் நேரப் பராமரிப்புக்கு செப்டம்பரிலேயே ஆள் எடுப்பார்கள். கோடையில் உங்களைக் கண்ட மேற்பார்வையாளரிடமே அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.